மாமனாரின் வால்வு

சத்தம் மெலிந்திருந்தது. போன வருஷம் இதே படுக்கையில், இதே மாமனாரின் நெஞ்சில் எக்கோ கருவியை வைத்தபோது, சுருங்கிய இதய வால்வு வழியாக ரத்தம் பாயும் சத்தம் ஸ்பீக்கரில் சீறியது. இன்று பக்கத்து அறையில் யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோல் கேட்டது. டாக்டர் மருமகனுக்கு எரிச்சல்தான் வந்தது.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல மாப்ளே. என் பொண்ணுதான் விடாம இழுத்துட்டு வந்துட்டா."

தொந்தரவு எங்கிருந்து வரும்? மாடி ஏறுவதில்லை, கடைக்குப் போவதில்லை, செருப்பைக்கூட மகள்தான் மாட்டிவிட வேண்டும். நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்துவிட்டு, ஒண்ணுமில்லையாம். இந்த ரகத்தைத் தினமும் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது.

இடது பக்கமாகப் படுக்கவைத்து மட்டும் பார்த்து, 'மிதமான சுருக்கம், அடுத்த வருஷம் வரவும்' என்று தள்ளிவிடுவது அவன் வழக்கம். வலது பக்கம் புரட்டி மார்பெலும்பு ஓரமாகவும் தேடினால்தான் ரத்தத்தின் முழு வேகம் பிடிபடும். வெட்டி வேலை என்று அதை விட்டுவிடுவான். ஆனால் மேல்மாடியில் மனைவி காத்திருக்கிறாள். "அப்பாவ ஒழுங்கா பாருங்க. எனக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வலது பக்கமா திரும்பிப் படுங்க, மாமா."

ஜெல்லின் குளிர்ந்த வாடை. இயந்திரத்தின் விசிறி முனகல். கருவியை அழுத்தியதும் ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. மிதமாவது மண்ணாவது. இந்த வேகத்துக்கு வால்வு கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டுவிட்டது. போன வருஷமே அடைக்கத் தொடங்கியிருக்கும்.

சத்தம் நின்றது.

திரையில் வால்வு மூடியிருந்தது. திறக்கவில்லை. இதயச் சுவரும் அசையவில்லை.

"மாமா?"

"சொல்லுங்க மாப்ளே."

கருவியைத் தன் நெஞ்சில் வைத்தான். திரை துள்ளியது. இயந்திரம் சரி. மறுபடி மாமனார் நெஞ்சில் வைத்தான். அசைவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான். துடிப்பில்லை. மார்பை இரண்டு கையாலும் அமுக்கினான்.

"கூசுது மாப்ளே, விடுங்க."

கிழவர் எழுந்து ஜெல்லைத் துடைத்தார். நிதானமாகப் பொத்தான் போட்டார். செருப்பை அவரே மாட்டினார். லிப்ட் பக்கம் திரும்பாமல் மாடிப்படியில் தாவி ஏறினார். அவன் பின்னால் ஓடினான். மூச்சிரைத்தது அவனுக்குத்தான். படி திரும்பும் இடத்தில் பார்த்தான், அவர் சட்டைப்பையில் செருகியிருந்த கண்ணாடி மூச்சுக்கு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"அவர் பக்கத்துல போகாதே" என்று மனைவியிடம் கத்த நினைத்தான். அதற்குள் அவர் மேலே போய்விட்டார்.

மேலே மனைவி அப்பாவைக் கண்டதும் மலர்ந்துபோனாள். "படியேறியா வந்தீங்க?" என்று கட்டிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே பழக்கம், அவர் நெஞ்சில் காதை வைத்துச் சாய்வது. சாய்ந்தாள்.

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. தலையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா, அவள் தலையை நெஞ்சோடு சேர்த்து அழுத்தியபடி.