இருபத்தொன்பதாம் நாள்

இதழினி மறுபடியும் தவறான பேருந்தில் ஏறிவிட்டாள் என்று செலினின் மேசைத்திரை சொன்னது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. சித்தோட்டில் இருக்கும் துண்டு மடிக்கும் கூடத்துக்குப் போக வேண்டியவள் பெருந்துறை வண்டியில் ஏறி, திண்டலில் இறங்கி, நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, எதிர்ப்பக்க வண்டி பிடித்துத் திரும்பியிருந்தாள். அவள் பெயருக்கு எதிரே இருந்த 'பின்னடைவு' என்ற சொல் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது.

சிவப்பு வந்தால் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மதிப்பீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் காங்கேயம் பக்கத்துக் காப்பகத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

செலின் ஈரோட்டில் தன்வாழ்வுப் பள்ளியின் பயிற்றுநர். அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பல் துலக்குவதிலிருந்து பேருந்து ஏறுவது வரை கற்றுக்கொடுத்து, வயது வந்ததும் தனி வீட்டில் குடிவைப்பது பள்ளியின் வேலை. நடக்கவே நடக்காது என்று எல்லாரும் கைவிட்டிருந்த அந்தக் காரியம் துணைக்குரல் வந்த பிறகுதான் நடந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு செவிப்பொத்தான், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பார்வைப்பொட்டு. பொட்டு பார்த்துக்கொண்டே இருக்கும். பிள்ளை தடுமாறினாலோ தப்பாகச் செய்தாலோ, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பொத்தான் காதில் சொல்லும். பிள்ளையை வளர்த்தவரின் குரலிலேயே சொல்லும். சரியாகச் செய்தால் பேசாது. ஒரு வேலையை முப்பது நாள் தொடர்ந்து தப்பில்லாமல் செய்துவிட்டால், அந்த வேலைக்குரிய வாக்கியங்கள் ஒரேயடியாக அழிந்துவிடும். அதற்குத் தேய்வு என்று பெயர். உதவி என்றால் ஒரு நாள் விலகியாக வேண்டும், விலகாத உதவி ஊன்றுகோல்தான் என்பது அதை உண்டாக்கியவர்களின் கொள்கை. செலினும் அதை முழுமனதாக நம்பினாள்.

இதழினிக்கு இருபத்து நான்கு வயது. அப்பா இல்லை. அம்மா சுகந்தி சாயப்பட்டறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவள். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே பள்ளிக்கு வந்து, துணைக்குரலுக்குப் பேச வேண்டும் என்று கேட்டாள். ஆறு வாரம், சிகிச்சை இல்லாத நாட்களில் எல்லாம் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து பேசினாள். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வாக்கியங்கள். எதிரே காகிதக் கட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்தியவள் செலின். வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், கட்டளையாக இருக்க வேண்டும், கொஞ்சல் கூடாது, பாராட்டு கூடாது என்பது விதி. சுகந்தி "கண்ணு, பால எறக்கு" என்று சொன்னால், கண்ணு வேண்டாம் என்று செலின் திரும்பச் சொல்ல வைப்பாள். கொஞ்சினால் பிள்ளை குரலையே பிடித்துக்கொள்ளும், வேலையைக் கற்காது என்று விளக்கினாள். சுகந்தி தலையாட்டிவிட்டு மறுபடியும் பேசுவாள்.

கடைசி நாள், வழி தவறினால் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் மிச்சமிருந்தன. சுகந்திக்கு மூச்சு வாங்கியது. "இது நம்ம பஸ் இல்ல. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நில்லு. பயப்படாத அம்மணி, அம்மா இருக்கறேன்." விதிப்படி கடைசி நான்கு சொற்களும் போயிருக்க வேண்டும். திரும்பப் பேசச் சொல்லச் செலினுக்கு மனம் வரவில்லை. அது அப்படியே உள்ளே போய்விட்டது.

சுகந்தி இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. முதல் ஐந்து மாதம் இதழினி அத்தனை வேகமாகக் கற்றாள். பள்ளியில் அவளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். பிறகுதான் பால் பொங்கி வழிந்தது. சட்டையை உள்வெளியாகப் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் போனாள். கீழ்வீட்டுக்காரர் புகார் எழுதினார்.

மதிப்பீட்டு விதிகளின்படி, முதலில் பயிற்றுநர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். செலின் ஒரு காலை, தன் காதிலும் கண்காணிப்புப் பொத்தானை ஒட்டிக்கொண்டு, இதழினியின் சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பயிற்சி தந்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்காதே, செய்ததும் அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்.

இதழினி பாத்திரத்தை நன்றாகக் கழுவினாள். பாலை ஊற்றி, அடுப்பை அளவாக வைத்தாள். பிடிதுணியை எடுத்துப் பக்கத்தில் மடித்து வைத்தாள். ஒரு குறை இல்லை. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பால் நுரைத்து மேலே வந்தது. விளிம்பைத் தாண்டியது. அவள் அசையவில்லை, தலையை மட்டும் லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.

"பாலு பொங்குது. அடுப்ப அணை. துணி புடிச்சு எறக்கு" என்றது சுகந்தியின் குரல்.

இதழினி அடுப்பை அணைத்தாள். முகம் மலர்ந்திருந்தது. வழிந்ததை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டு, செலினுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் செலின் பதினாலு மாதப் பதிவுகளையும் திறந்தாள். பால் பொங்கிய நாட்களைத் தனியாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தப்பில்லாத இருபத்தெட்டு நாள் இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் தப்பு. மறுபடியும் இருபத்தெட்டு நாள், மறுபடியும் தப்பு. சட்டை, குழாய், விளக்கு, தலைவாரல் என்று மொத்தம் பதினோரு வேலைகள். எல்லாவற்றிலும் அதே கணக்கு. பேருந்து மட்டும் கணக்கில் அடங்கவில்லை.

தேய்வுக்கு முப்பது நாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாத இரகசியம் இல்லை. வகுப்பில் செலினே சொல்லியிருக்கிறாள், ஊக்கப்படுத்துவதற்காக.

அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. மாவட்டத்தில், இதழினியைத் தவிர, குரல் கொடுத்த பெற்றோர் இறந்துபோன பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். அவர்களுடைய கோப்புகளையும் பார்த்தாள். பதினேழு கோப்புகளில் இருபத்தொன்பதாம் நாள் தப்பு இருந்தது. பதினேழு பேரும் கற்க இயலாதவர்கள் என்று காப்பகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அதில் நான்கு அறிக்கைகளை எழுதியவள் அவளே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதழினியைப் பார்க்கப் போனாள். சமையலறைச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதில் நாளுக்கு நாள் பல நிறத்தில் சின்னச் சின்ன ஒட்டுப்பொட்டுகள். வெள்ளை பாலுக்கு, நீலம் குழாய்க்கு என்று இதழினி மறைக்காமல் சொன்னாள். மற்ற வேலைகளின் குரல் எல்லாம் அழிந்தால் அழியட்டும் என்று விட்டுவிட்டாளாம். இந்தப் பதினொன்றில்தான் அம்மா நன்றாகப் பேசும் என்றாள். பதினோரு கணக்கை ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"தெரிஞ்சே எதுக்கு இதழு பாலப் பொங்க விடுற?"

"சரியாப் பண்ணுனா அம்மா பேசறதில்லீங்க மிஸ்."

செலின் கொஞ்சம் தயங்கினாள். அம்மா இப்போது இல்லை என்பது அவளுக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டாள்.

"செத்துப்போச்சு. தெரியுமுங்க. கூடுதுறையில நாந்தான் சாம்பலக் கரைச்சேன்" என்றாள் இதழினி, இதைக்கூடக் கேட்பார்களா என்பதுபோல.

பேருந்து ஏன் என்று செலின் கேட்டாள். நாட்காட்டியில் அதற்கு ஒட்டுப்பொட்டு ஏதும் இல்லையே. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்போது மட்டும் அந்த வண்டியில் ஏறுவேன் என்று இதழினி சொன்னாள். தொலைந்துபோனால்தான் அம்மா இருக்கிறேன் என்று அம்மா சொல்லும். வேறு எதிலும் சொல்வதில்லை.

வேறு எதிலும் சொல்லாததற்குக் காரணம் யார் என்று செலினுக்குத் தெரியும்.

மறுவாரம் அவள் விதியை மீறி ஒரு காரியம் செய்தாள். அந்த வாக்கியத்தை மட்டும் படியெடுத்து, அமுக்கினால் பேசும் சின்னப் பெட்டி ஒன்றில் போட்டு, இதழினியிடம் கொடுத்தாள். வேண்டும்போதெல்லாம் கேட்கலாம், தொலைந்துபோக வேண்டியதில்லை என்றாள். இதழினி அமுக்கினாள். குரல் தெளிவாக வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். பிறகு பெட்டியை மேசைமேல் வைத்து, செலின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"நான் இங்கதானுங்க இருக்கறேன். தொலையலியே" என்றாள். "இது அம்மா என்னையப் பாக்காமப் பேசறது."

செலின் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

துணைக்குரலை நடத்தும் இயக்ககத்துக்கு அவள் நீளமாக எழுதினாள். பதினேழு கோப்புகளையும் இணைத்தாள். இவர்கள் கற்காதவர்கள் இல்லை, துக்கப்படுகிறவர்கள், இவர்களைத் திரும்பவும் வீடுகளில் வைக்க வேண்டும், இப்படிப்பட்டவர்களுக்குத் தேய்வை நிறுத்த வேண்டும் என்று கேட்டாள். இதழினிக்கு மட்டுமாவது உடனே விலக்கு வேண்டும் என்றாள். முதலில் வந்தது இதழினியைப் பற்றிய பதில். விலக்கு கிடையாது. அடுத்த முப்பது நாளில் மிச்சமிருக்கும் எல்லா வேலையையும் தப்பில்லாமல் செய்தால் வீடு நிரந்தரம், குரல் அழியும். இல்லையென்றால் காப்பகம். அங்கே குரலை வைத்துக்கொள்ளலாம்.

அதை அவளுக்காகத் தான் முடிவு செய்துவிடக் கூடாது என்று செலின் நினைத்தாள். இரண்டையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். காப்பகத்தை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டவும் காட்டினாள். நீளமான கூடம், ஐம்பது கட்டில். சாப்பாடு தட்டில் வந்தது. குளிக்க வைக்க ஆள் இருந்தது. இதழினி சமையலறை எங்கே என்று கேட்டாள். உள்ளே விட மாட்டார்கள் என்றார்கள். பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டாள். கேட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்றார்கள்.

மாலையில் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் சாவியைப் போட்டுக்கொண்டே இதழினி சொன்னாள்.

"அங்க தப்புப் பண்றதுக்கே ஒண்ணுமில்லீங்க மிஸ். அம்மா எதுக்குப் பேசும்?"

இத்தனை படித்த தனக்கு அது தோன்றவில்லையே என்று செலின் நினைத்தாள்.

முப்பது நாள் தொடங்குவதற்கு முந்தின நாள், இதழினி ஒரே ஒரு முறை போய் வருகிறேன் என்று கேட்டாள். செலினும் கூடவே போனாள். பெருந்துறை வண்டி, ஜன்னலோரம். திண்டலில் இறங்கி நிழற்குடையின் கீழ் நின்றார்கள். கண்காணிப்புப் பொத்தானைச் செலின் அன்று வேண்டுமென்றே எடுத்து வரவில்லை. அது அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே நடப்பது என்று விட்டுவிட்டாள். இதழினி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். உதடுகள் அசைந்தன. அம்மாவிடம் ஏதோ சொன்னாள். என்னவென்று செலின் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நான்கு வண்டிகள் வந்து போன பிறகு, போகலாம் என்று இதழினியே சொன்னாள்.

அந்த முப்பது நாளும் பால் பொங்கவில்லை. குழாய் சொட்டவில்லை. நாட்காட்டியில் பொட்டு ஒட்டுவதை அவள் நிறுத்திவிட்டாள். மடிப்புக் கூடத்தில் மதிய இடைவேளையின்போது அழுகிறாள், ஆனால் துண்டு எண்ணிக்கை குறையவில்லை என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். முப்பதாம் நாள் மாலை செலினின் திரையில் வேலைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசியாகப் பச்சையானது 'வழி தவறுதல்'.

இயக்ககத்தின் இரண்டாம் கடிதமும் அதே நாள் வந்தது. அமைப்பில் இருந்த ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்ததற்காகச் செலினைப் பாராட்டியிருந்தார்கள். இனிமேல் தேய்வுக்கான நாட்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக இருக்கும். எத்தனை நாள் என்பது பிள்ளைக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. எண்ணிக்கை வைத்து ஏமாற்ற முடியாது. பதினேழு பேரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

மறுநாள் மதிப்பீடு. அலுவலர் குணாளன் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுகிறவர். இதழினியை உட்காரவைத்து, சாப்பிட்டாயா என்று விசாரித்து, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாள்.

"வழி தவறிப் போயிட்டா என்னம்மா பண்ணுவ?"

அவள் யோசித்தாள். "இனிமேல் தவற மாட்டேனுங்க" என்றாள்.

குணாளனுக்கு மகிழ்ச்சி. தன்னம்பிக்கை என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டார்.

செவிப்பொத்தானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்வதற்குள் அவளே கழற்றினாள். காதுக்குப் பின்னால் வெயில் படாத தோல் வட்டமாக வெளுத்திருந்தது. பொத்தானைத் துப்பட்டாவில் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, இதை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சுத்தம் செய்து வேறொரு பிள்ளைக்குக் கொடுப்போம், அதில் அந்தப் பிள்ளையின் அம்மா பேசுவார் என்றார் குணாளன்.

இதழினி பொத்தானை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லீருங்க சார்," என்றாள். "சீக்கிரமாக் கத்துக்க வேண்டாமுன்னு."