எஞ்சின் நின்றது... சூடு நிற்கவில்லை!

"ஐயோ...!"

தைவானின் காவ்ஷியுங் விமானப் பட்டறையே அதிர்ந்தது.

சோதனைக்கூடத்தில் மூன்றாம் எஞ்சின் எரிந்துகொண்டிருந்தது. கூடவே மெக்கானிக் சாய் யுங்ஃபூவும்!

நெருப்பை அணைத்தபோது சாய் உயிரோடு இல்லை.

"சிகரெட்தான் காரணம்!" என்றார் மேனேஜர் ஹுங். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... கேட்டாத்தானே!"

"பொய்!" சாயின் மனைவி அலியன் கத்தினாள். "அவர் சிகரெட்டை விட்டு வருஷமாச்சு. நீ பழைய குழாயைப் புதுசுன்னு மாட்டுறேன்னு உன்மேல புகார் கொடுக்க இருந்தாரு. இப்ப செத்தவர் மேலயே பழியா?"

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பெய்ச்சிக்கு ரத்தம் கொதித்தது. போலீசில் சேருமுன் விமானப்படையில் எஞ்சின் கழற்றியவள் அவள்.

"சிகரெட் எதுக்கு மேனேஜர்? ஹைட்ராலிக் குழாய் நட்டு தளர்ந்திருக்கு. பழுக்கக் காய்ஞ்ச எக்ஸாஸ்ட் புகைக்குழாய் மேல எண்ணெய் பட்டா போதும்... தானா பத்திக்கும்!"

"அப்போ ஓடும்போதே எரிஞ்சிருக்கணுமே?"

"ஓடும்போது எண்ணெயைக் காத்து அடிச்சிட்டுப் போயிடும். எஞ்சினை நிறுத்தினா காத்து நிக்கும், சூடு நிக்காது! சாய் மூடியைத் திறக்கப் போனது அப்பத்தான்."

"நட்டை அவனே சரியா முடுக்கலை போல..."

அயோக்கியன்! எரிந்தவனையே குற்றவாளியாக்குகிறான்!

பல்லைக் கடித்தபடி பெய்ச்சி பக்கத்திலிருந்த கண்ணாடிக் கண்ட்ரோல் அறைக்குள் நுழைந்தாள். நெருப்பு அங்கே எட்டியிருக்கவில்லை. எஞ்சினுக்கு ஒரு கண்ட்ரோல் மேஜை. மேஜைக்கு ஒரு பச்சை நொறுக்குத்தீனி பாக்கெட். இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள ஊரே இப்படி வைக்கும். எடுத்தால் இயந்திரம் கெட்டுப்போகும் என்று யாரும் தொடமாட்டார்கள்.

மூன்றாம் மேஜையில் மட்டும் காணோம்!

"கான்ஸ்டபிள்! மேனேஜர் மேஜையைத் திறங்க!"

இழுப்பறைக்குள் இருந்தது பாக்கெட். தூக்கிப் போடவும் பயம் போலும். அதன்மேல் சாயின் கிறுக்கல் கையெழுத்து... 'மூணாம் நம்பரே, சமர்த்தா இரு.'

அலியன் அதைப் பார்த்து உடைந்து அழுதாள்.

"யோவ்... இதை எதுக்குய்யா எடுத்தே?" பெய்ச்சி உறுமினாள். "வச்ச இடத்திலேயே விட்டிருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது!"

ஹுங் ஆத்திரத்தில் வெடித்தான்.

"விட்டிருந்தா, நட்டைத் தளர்த்தியும் எஞ்சின் பத்தியிருக்காதே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.

பெய்ச்சி விலங்கை எடுத்தாள்.

"தீனி பாக்கெட்டுக்கே இவ்வளவு பயந்தியே... போலீசுக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம்!"