பொட்டுக்கு வந்த கட்டி

சங்ககிரி மேட்டில் ஏறும்போது கரி பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கண்ணில் படாத காலம். பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். தாசில்தாராக இருந்தாலும் விடமாட்டார்கள். பிள்ளைத்தாச்சி மட்டும் உட்கார்ந்துகொள்ளலாம்.

அன்றைக்கும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மடியில் மூடிய கூடையோடு ஜன்னலோரத்தில் அசையாமல் இருந்தாள்.

“ஏனுங் அம்மிணி, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமுங்களா?”

பின்னால் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவன்தான் எட்டிப் பார்த்துக் கேட்டான். முகம் முழுக்கக் கரி. அந்தக் கரிக்கு நடுவில் இரண்டு கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டு நின்ற கண்கள். பாழாய்ப்போன கண்கள், என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

உள்ளே உயிர் இருக்கிறது, கூடையை அசைக்கக்கூடாது என்றாள். என்ன உயிர் என்று அவன் கேட்டு வாய் மூடவில்லை, கூடைக்குள்ளிருந்து ‘வீக்... வீக்...’ என்று ஒரு கத்தல். அவன் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான்.

“அட... எலியை உக்கார வெச்சுட்டு மனுசரத் தள்ளச் சொல்றீங்களா?”

“எலி இல்லீங்க, சீமை எலி. ஆஸ்பத்திரிச் சொத்து. இதுகளைவிட நீங்க நல்லாத் தள்ளுவீங்க, போய்த் தள்ளுங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறிவிட்டது. பஸ்ஸின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான். அவள் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. அந்த மாதிரி இருமலை அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பன் அப்படித்தான் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் டாக்டரம்மாவிடம் ஒருக்கா காட்டுங்கள் என்றாள். கரி இருமலுங்க, ஒன்றுமில்லை என்றான். சரி, எங்கே இருக்கிறது உங்கள் ஆஸ்பத்திரி என்று கேட்டான். பள்ளிபாளையத்தில், ஆற்றோரத்தில் என்றாள். அவள் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தும், இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான்.

அவள் பெயர் பெருமாயி. காதல் கதைக்கு வைக்கிற பெயரா இது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். என்ன செய்வது... அவளுக்கு வைத்த பெயர் அதுதான். அவளைப் பெற்ற பொன்னாயி, புருஷன் செத்த ஆஸ்பத்திரியிலேயே சமையல் வேலைக்கு நின்றுவிட்டவள். மகளுக்குப் பின்கட்டில் இருந்த கொட்டகைதான் சோலி. அங்கேதான் சீமை எலிகள் இருந்தன. டாக்டரம்மா அவற்றைக் கினிப் பன்றி என்பாள்.

ஒருவனுக்கு நெஞ்சு நோவு, அதாவது க்ஷயம், உண்டா இல்லையா என்று தெரியாதபோது, அவன் சளியைச் சுத்தம் செய்து சீமை எலியின் தொடை இடுக்கில் ஊசி போடுவார்கள். நோவு இருந்தால் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் கட்டி கிளம்பும். இல்லாவிட்டால் எலி பாட்டுக்குப் புல்லைத் தின்றுகொண்டிருக்கும். எப்படியும் கெடு முடிந்ததும் அறுத்துப் பார்த்துவிடுவார்கள். அதனால் பெருமாயி எந்த எலிக்கும் பெயர் வைக்கமாட்டாள், ஒன்றைத் தவிர. பிறக்கும்போதே பின்னங்கால் கோணலாக, நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு பிறந்த குட்டி அது. நொண்டி எலி சோதனைக்கு ஆகாது, நீயே வைத்துக்கொள் என்று டாக்டரம்மா கொடுத்துவிட்டாள். பொட்டு என்று கூப்பிட்டால் ஓடிவரும். அவள் முந்தானைக்குள் புகுந்து தூங்கும்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அவன் வந்தான். முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான். கரி போன முகத்தைப் பார்த்து அவளுக்கு அடையாளமே தெரியவில்லை... அந்தக் கண்களைப் பார்க்கும்வரை. மழைத்தண்ணீர் இமையில் நிற்க, பேர் அர்த்தநாரி, ஊர் திருச்செங்கோடு என்று கேட்காமலே சொன்னான்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். ரத்தம் வருகிறதா என்று விசாரித்தாள். இல்லீங்க என்றான். சளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. சோதனை எலி கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. சேலத்திலிருந்து வந்தவை தீர்ந்துவிட்டன, மதராஸிலிருந்து வருவது சண்டையால் நின்றுபோயிற்று.

டாக்டரம்மா பெருமாயியைக் கூப்பிட்டாள். நொண்டியானாலும் மிச்சம் இருப்பது பொட்டு ஒன்றுதான். கொடு என்று சொல்லவில்லை. கொடுப்பாயா என்றுதான் கேட்டாள்.

கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் மழையில் நனைந்து அறைக்கு வெளியே நின்றவனைப் பார்த்தாள்... போய்ப் பொட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி ஏறும்போது அவள்தான் பிடித்துக்கொண்டாள். பொட்டு கத்தியது அன்றைக்கெல்லாம் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அதன்பிறகு அவன் வாரா வாரம் வந்தான். எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் காட்டவேண்டும் அல்லவா. காட்டுவது சித்த நேரம். கொட்டகை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதுதான் எச்சா நேரம். வாயில் துண்டை வைத்துக்கொண்டு, காற்று அவள் பக்கம் அடித்தால் தள்ளிப் போய் நிற்பான். பஸ் நின்ற இடத்திலெல்லாம் பறித்த புல்லைக் கட்டாகக் கட்டி வேலிமேல் வைப்பான். தன்னுடைய ஊசியைத் தாங்கினது அவளுடைய செல்லம் என்று இரண்டாம் வாரம்தான் அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வைத்த புல்லுக்குமேல் இன்னொரு கட்டும் பறித்து வைத்துவிட்டுப் போனான்.

டிரைவராகப் போகிறேன், லைசென்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்பான். மேட்டில் நிற்காத வண்டியா பார்த்து ஓட்டுங்க என்பாள் அவள். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவன் போனபிறகு வேலியும் மழையும் ஆறும் எல்லாமே அவளுக்கு வெறிச்சென்று இருக்கும்... என்ன கெரகமடா இது என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் பொட்டின் கழுத்துக்கடியில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. பெருமாயி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா தடவிப் பார்த்துச் சிரித்தாள். நோய்க் கட்டி முதலில் ஊசி போட்ட இடத்தில் வரும், இது புல்லில் இருந்த முள் வாயில் குத்திச் சீழ் வைத்தது என்றாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பழுக்க வைத்து, கீறி, சீழை எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். புண் ஆறிவிட்டது.

அந்த வாரம் அவன் வந்தபோது, நீங்க கொண்டாந்த சீருங்க இது, முள்ளுப் புல்லு என்று அவள் சண்டை பிடித்தாள். அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். பொன்னாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் இருவரும் சிரித்தார்கள். அவர்கள் முழுசாகச் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

அப்புறம் ஒரு காலையில், புல் போடும்போது, அவள் விரலில் அது பட்டது. தொடை இடுக்கில், ஊசி போட்ட இடத்தில்... சிறிதாய், கெட்டியாய், அமுக்கினால் வலிக்காத ஒரு கட்டி. முள் குத்தினால் இப்படி வராது. அது அவளுக்குத் தெரியும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் அவனை மலைமேல் இருக்கிற க்ஷய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள். டாக்டரம்மா மழைக் காய்ச்சல்காரர்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். எலி எப்படி இருக்கிறது என்று போகிறபோக்கில் கேட்டால், நல்லா இருக்குதுங்கம்மா என்று இவள் சொல்லிவிடுவாள். மாரியம்மன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டினாள். கட்டி வந்தவர்கள் கொட்டுவதுதானே... உப்பு கரைகிற மாதிரி கட்டி கரையட்டும் தாயே, எலிக்குக் கரைந்தால் அவருக்கும் கரைந்துவிடும் என்று வேண்டிக்கொண்டாள். மழையில் உப்பு ஒரே நாளில் கரைந்துபோயிற்று. கட்டி பெருத்துக்கொண்டே வந்தது. பொட்டு இளைத்தது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

கெடு முடிந்த அன்று டாக்டரம்மா தன் கையாலேயே தடவிப் பார்த்தாள். பிறகு பெருமாயியை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டியை மட்டும் வைத்து முடிவு சொல்லமுடியாது, நாளைக்கு அறுத்துப் பார்க்கவேண்டும், காலையில் கொண்டு வா என்றாள்.

அன்று பிற்பகல் அவன் வந்தான். நல்ல மழை. வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தான் மறைத்ததைத் தவிர. அவன் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

“அதை அறுக்க வேண்டாம்னு சொல்லுங்க அம்மிணி. பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க... எனக்கு ஆடியிலிருந்தே ரத்தம் வருது.”

“டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னீங்களே?”

“ஆமான்னா அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. சோதனைன்னா வாரா வாரம் வரலாமேன்னு... உங்களப் பாக்கறதுக்கோசரம் சொன்ன பொய்யிங்க.”

எந்தப் பெண்ணுக்கும் மனசு குளிரவேண்டிய வார்த்தைதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப என் பொட்டு வீணாத்தான் சாகுதுங்களா?”

அது உங்களோடதுன்னு அப்பத் தெரியாதுங்க என்று அவன் சொன்னதைக் கேட்க அவள் நிற்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். இனி அந்த முகத்தில் முழிப்பதில்லை. பொன்னாயி கதவுக்கு வெளியே வந்து நின்று, விடு சாமி, இந்த ஊட்டுக்கு உங்கப்பன் ஒருத்தர் இருமினது போதும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பெருமாயி பொட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தது. வெளியே மழைச் சத்தத்தோடு அவன் இருமல்... அவன் இன்னும் போகவில்லை. கை தானாக அந்தக் கட்டியைத் தடவியது. தடவத் தடவ அவளுக்கு ஒன்று உறைத்தது. அவன் பொய்யால் போனது ஒரு சீமை எலி. தன் பொய்யால் போனது என்ன? கட்டியைப் பார்த்த அன்றே சொல்லியிருந்தால் அவன் இந்நேரம் மலைக்காற்றில் படுத்திருப்பான். இப்படி ஈரத்தில் நின்று இருமிக்கொண்டிருக்கமாட்டான்.

கதவைத் திறந்தாள். பொட்டை முந்தானையில் மூடிக்கொண்டு, வேலிப் படலைத் தள்ளி, முதல் தடவையாக அந்தப் பக்கம் போனாள். அவன் பதறிப் பின்வாங்கினான்.

“அக்கட்டால போங்க அம்மிணி... கிட்ட வராதீங்க.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணீர் எது, மழை எது என்று தெரியவில்லை.

“கட்டியை நான் முன்னாலயே பாத்துட்டேனுங்க. சொல்லல. சொன்னா உங்கள அனுப்பிடுவாங்கன்னு... என் கண்ணுல பட்டுட்டே இருக்கணும்னு மறைச்சேன். உங்க நாளைத் திருடிட்டேன்.”

அவன் கோபப்படவில்லை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். பிறகு, திருடின நாளிலெல்லாம் நானும்தானே இருந்தேன், அதைவிட நல்ல நாள் எனக்கு வந்ததே இல்லை என்றான். நீங்க போக வேண்டாம்னு சொன்னா நான் எங்கேயும் போகலீங்க, இருக்கிறவரைக்கும் வாரேன் என்றான்.

இருங்க என்று ஒரு வார்த்தை... அது தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குத்தானே இத்தனை நாளும் பொய் சொன்னாள். அவள் அதை விழுங்கினாள்.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க. பொளச்சு வந்தாலும் புடிக்கும், வராமப் போனாலும் புடிக்கும். அதனால... நாளைக்கே மலைக்குப் போயிடுங்க.”