செத்த நேரம்

கார் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. அமலராணிக்குப் பார்த்த கணமே உடம்பு குளிர்ந்தது. திண்டுக்கல்லில் மலைக்கோட்டைப் பாறை காய்ந்து தெருவெல்லாம் அனலடிக்கும் மே மாதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு வருஷம் முழுக்கக் கத்திய டீச்சருக்கு இந்தக் கரை வேண்டித்தான் இருந்தது.

கரையில் நின்ற பங்களாவைக் கட்டியவன் அவள் புருஷன் இருதயநாதன், திண்டுக்கல் பூட்டு வியாபாரி. 'இயற்கையோடு இயற்கையாக' என்று வாசலில் பலகை வைத்திருந்தான். எஸ்டேட் முதலாளிகள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். பனையோலைக் கூரை, காலடியில் கடல் மணல், விடிந்ததும் இளநீர், பொழுது சாய்ந்தால் படகுச் சவாரி. இயற்கையை இத்தனை ரசிக்கிற துரைமார்கள் உப்புத்தண்ணீரில் குளித்துவிட்டு அப்படியே இருப்பார்களா? உடம்பை அலச ஆளுக்கு ஒரு தொட்டி நல்ல தண்ணீர் வேண்டும். அந்த நல்ல தண்ணீர் மீனவக் குப்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்த ஊற்றுக்கிணற்றில் இருந்தது. இருதயநாதன் தோப்பை வாங்கியபோது கிணறும் சேர்ந்து வந்தது. அவன் அதற்குத் தேக்குப் பலகையில் மூடி செய்து ஊர்ப் பூட்டு ஒன்றைப் போட்டான்.

சாதாரணப் பூட்டு இல்லை, மணிப்பூட்டு. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே 'டிங்' என்று மணி அடிக்கும். கள்ளச் சாவி போட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் ஒரே சாவி இருதயநாதன் கழுத்தில், மாதா படம் தைத்த உத்திரியத் துணியோடு சேர்ந்து தொங்கியது.

இந்த வருஷம் பங்களாவுக்குப் பின்னால் புதுக் கிணறு வெட்டியிருந்தான். பழைய கிணற்று மூடியைச் சுற்றி மணலைக் குவித்திருந்தார்கள். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

போன வருஷம் வீடு கூட்டி, அமலராணிக்குத் தலைபின்னி விட்ட பேச்சாயியைக் காணவில்லை. கேட்டதற்கு, எவனோ பஸ் கண்டக்டரோடு ஓடிவிட்டாள், கைக்குழந்தையைக்கூட நினைக்கவில்லை என்றான் இருதயநாதன். ஊரெல்லாம் அப்படித்தான் பேசியது. பேச்சாயியின் தாய் அய்யம்மாள் மட்டும் இடுப்பில் பேரக்குழந்தையோடு வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசுவதில்லை.

மறுநாள் உச்சிவேளை. அலைகூட ஓய்ந்தாற்போல இருந்தது. தோப்பில் ஓர் ஓலை அசையவில்லை.

டிங்.

அமலராணி கையிலிருந்த புத்தகத்தை வைத்தாள். சாவி அவன் கழுத்தில். அவனோ உள்ளே விருந்தாளிகளுக்கு வந்த சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான்.

டிங்.

அவள் மணலில் இறங்கிக் கிணற்றடிக்குப் போனாள். பூட்டு ஆடாமல் தொங்கியது. அந்த வெயிலில் இரும்பு கை வைக்க முடியாமல் சுட்டிருக்க வேண்டும். அது சில்லிட்டு, ஈரமாக இருந்தது.

பலகைக்கு அடியில் எதுவோ பிறாண்டியது.

எலி என்று நினைத்தாள். குனிந்தாள். பாசியும் பச்சைத் தண்ணீரும் கலந்த வாடை. அதற்குள்ளே, போன வருஷம் அவளுக்குத் தலைபின்னும்போது பூசிய அதே புன்னை எண்ணெய் வாடை.

"செத்த நேரம்..."

பேச்சாயியின் குரல். மெதுவாக, பொறுமையாகச் சொல்லியது.

"செத்த நேரம்... செத்த நேரம்..."

அமலராணி எப்படிப் பங்களாவுக்கு ஓடி வந்தாளோ தெரியாது. தூணைப் பிடித்து நின்ற பிறகுதான் இன்னொரு பயம் பிடித்தது. குரல் பேச்சாயியுடையது. சொல் அவளுடையது இல்லை. போன வருஷம், "செத்த நேரம் பொறு பேச்சாயி, வாரேன்" என்று அமலராணி சொன்னபோது பேச்சாயி பதறி அவள் வாயைப் பொத்தியிருந்தாள். "அப்படிச் சொல்லாதீக அம்மா, எங்க ஆளுக கடல்ல கெடக்காக" என்றாள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் சாவுச் சொல் நாக்கில் வரக்கூடாது. கொஞ்ச நேரம் என்றுதான் அந்தக் கரையில் சொல்வார்கள். செத்த நேரம் என்று சொல்கிறவர்கள் திண்டுக்கல்காரர்கள். இந்தக் கரையில் தன்னை விட்டால் அப்படிச் சொல்கிறவன் ஒருவன்தான்.

அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சோற்றுக்கு வெஞ்சனமாக வறுத்த மீன். அமலராணி எதிரே நின்றாள்.

"பேச்சாயிகிட்ட செத்த நேரம்னு நீங்க என்னத்துக்குச் சொன்னீங்க?"

பிசைந்த கை நின்றுவிட்டது. மழுப்பப் பார்த்தான். அவள் நகரவில்லை. கடைசியில், தட்டைப் பார்த்தபடியே சொன்னான். போன வருஷம் அமலராணி லீவு முடிந்து ஊர் திரும்பிய பிறகு, விருந்தாளிகள் வருகிற ஒரு நாள். ஊற்று வற்றிக் கிடந்தது. பூட்டத் தாமதித்த நேரத்தில் பேச்சாயி உள்ளே இறங்கிச் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தண்ணீர் என்றாளாம்.

"புத்தி வரட்டும்னு செத்த நேரந்தான் பூட்டுனேன் ராணி. கத்துனா. செத்த நேரம் கெடன்னு சொன்னேன். அப்ப கார் வந்துருச்சு. அவங்களப் படகுல கூட்டிட்டுப் போனேன்... மறந்துட்டேன். ராத்திரி கடலோதத்துல ஊத்துத் தண்ணி ஏறிருச்சு."

மறந்துவிட்டானாம். பூட்டியதை மறந்தவன் கண்டக்டர் கதையை மட்டும் மறக்காமல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். நாற்றம் அடித்தபோது மீன் காய்கிறது என்று விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறான். தாய் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளே மீன் வறுத்துத் தின்கிறான். அமலராணிக்கு அழுகை வரவில்லை. அப்படியொரு ஆத்திரம் அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை. அவன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். உத்திரியமும் சாவியும் கையோடு அறுந்து வந்தன. நம்ம பேர் என்ன ஆகும் என்று அவன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தான்.

"அவ பேர் என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?" என்றாள்.

அய்யம்மாளைக் கூப்பிட்டு, அவள் கண்முன்னால்தான் பூட்டைத் திறந்தாள். மணி அடித்தது. பலகையைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் முழுக்க நகக்கீறல். ஒரு வருஷத்துக் கீறல்களுக்கு நடுவே சில, தேக்கு வெள்ளையாகத் தெரிய, புதிதாக இருந்தன.

உள்ளே கிடந்ததைக் குப்பத்து ஆண்கள் வேட்டியில் ஏந்தி எடுத்தார்கள். அய்யம்மாள் அந்தப் பூட்டை வாங்கிக் கடலுக்குள் வீசினாள். என் மகள் ஓடவில்லை என்று ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

போலீஸ் விசாரணை நடந்தது. தவறி விழுந்தவள் என்று எழுதி முடித்தார்கள். விழுந்தவள் மேலே வந்து தானே பூட்டிக்கொண்டாளா என்று அமலராணி கேட்டதற்கு, டீச்சர் வேலையைப் பாருங்கம்மா என்றார்கள். இருதயநாதன் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தான். அது அமலராணியின் அப்பா சூசை கட்டிய வீடு. போகச் சொன்னாள். போகவில்லை. நாலு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு, உள்ளறையில் படுத்தான்.

உச்சிவேளை. அமலராணி அடுப்படியில் இருந்தாள்.

டிங்.

கூடத்துக்கு வந்தாள். உள்ளறைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. நாதாங்கியில் அந்த மணிப்பூட்டு தொங்கியது. துருவேறி, ஒரு முழம் கடற்பாசி சுற்றி, சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து அவன் கதவைத் தட்டினான். "ராணி, யார் பூட்டுனது? தொற. காலடியில தண்ணி ஏறுது."

சாவி கழுத்துக் கயிற்றோடு அவள் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. எடுத்து வர எட்டடிகூட இல்லை. கதவிடுக்கில் உப்பு வாடை. திண்டுக்கல் தரையில் கடல்தண்ணீர் கசிந்து வந்து அவள் கால்விரல்களை நனைத்தது.

அவனுடைய மூச்சிரைப்புக்குப் பக்கத்தில், உள்ளே, இன்னொரு மூச்சும் கேட்டது.

அமலராணி கதவோரம் வாயை வைத்தாள்.

"செத்த நேரம் இருங்க" என்றாள்.