மூச்சளவிக்குத் தெரிந்த ஒரே மணம்

மூச்சளவி மறுபடியும் சிவப்பாக எரிந்தது. தாசையன் அதை அண்ணாந்து பார்த்துக் காறித் துப்பினார்.

கொட்டிலில் மகாராணி சரிந்து படுத்திருந்தாள். அவருடைய பண்ணையிலேயே நல்ல தாய்ப்பன்றி அவள்தான். அவளுடைய குட்டிகளில் கொழுத்ததாகப் பார்த்து இன்றைக்கும் ஒன்று செத்துக் கிடந்தது. நேற்றுச் செத்ததும் கொழுத்ததுதான். நோஞ்சான்கள் மட்டும் ஒரு குறையுமில்லாமல் பால் குடித்துக்கொண்டிருந்தன.

“சிவப்புன்னா சத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம்பா. அதான் சொட்டு விடமாட்டேங்கு” என்றாள் அவருடைய மகள் லில்லிபாய். மூச்சளவியை மாட்டிய கம்பெனிக்காரர்களோடு பேசுவது, அந்த யந்திரத்தைத் துடைப்பது எல்லாம் அவள் பாடு. தாசையன் அந்த யந்திரத்தைத் தொடமாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. மண் எதற்கு, மாடிமேல் மாடி கட்டித் தண்ணீரிலேயே சோளம் விளைவிக்கலாம் என்று படித்தவர்கள் சொன்னார்கள். விளைந்தது. மண்ணிலிருந்து செடிக்கு ஏறுகிற செலினியம் என்ற சத்து மட்டும் அந்தச் சோளத்துக்குள் வரவில்லை. ஊசிமுனை அளவு சமாசாரம் அது. ஆனால் அது குறைந்தால், வேகமாக வளர்கிற கொழுத்த குட்டியின் நெஞ்சுதான் முதலில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டி நின்றுபோகும். கூடினால் முடி உதிரும், குளம்பு கழன்று விழும். குட்டிக்குத் தாயின் வயிற்றிலும் பாலிலும் கிடைப்பதுதான்.

ஆகவே ஆள் கையால் செலினியம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மனிதன் கை நடுங்கும், மனிதன் திருடுவான் என்றார்கள். மூச்சளவி திருடாதாம். தாய்ப்பன்றியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டு அதன் மூச்சை மோந்து பார்க்கும். குறைவென்றால் பச்சை எரிந்து தொட்டியில் ஒரு சொட்டு விழும். கூடுதலென்றால் சிவப்பு எரிந்து வாயை மூடிக்கொள்ளும்.

மனிதர்களும் அதே சோளத்தைத் தின்றதால் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசைமேல், தட்டில் சொட்டு விட, சின்ன மூச்சளவி ஒன்று தொங்கியது. தாசையன் வீட்டில் மட்டும் கிடையாது. கண்ட பயலுக்கும் வாயைத் திறந்து காட்ட முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கடல்மீனில் செலினியம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அப்பனும் மகளும் நாள் தவறாமல் சாளைமீன் தின்றார்கள், ருசிக்காக.

கம்பெனியிலிருந்து விவின் என்ற இளம் அதிகாரி வந்தான். பன்றி நாற்றத்துக்குப் பயந்து மூக்கை மூடும் உறை போட்டிருந்தான். விளக்கைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். யாரோ கள்ளத்தனமாகச் செலினியம் கொடுத்திருக்கிறார்கள், இனி இந்தப் பன்றியைக் கொன்று புதைக்க வேண்டியதுதான் என்று கொட்டில் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

லில்லிபாய் செத்த குட்டியை அறுத்து நெஞ்சை எடுத்துக் காட்டினாள். நசுங்கிய நாவல்பழம் மாதிரி இருந்தது. விவின் முகம் வெளிறியது. அது குறைபாட்டு நோய் என்பது அவனும் படித்ததுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“யந்திரம் தப்பாச் சொல்லாது. இந்தக் குட்டியோட இதயத்துலதான் ஏதோ கோளாறு.”

“ஆமா சாறே. செத்ததும் அதுக்க தப்புதான்” என்றார் தாசையன்.

அந்தக் குத்தலுக்காகவோ என்னவோ, விவின் உறையைக் கழற்றிவிட்டு மகாராணியின் வாயருகே குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

“பூண்டு கொடுத்தீங்களா?”

“பெத்தவளுக்குப் பூண்டு கொடுக்காம பின்ன என்னத்தைக் கொடுப்பாவ? சுட்டு, கருப்பட்டி போட்டு இடிச்சு, ரெண்டு நேரமும் நானே உருட்டிக் கொடுத்தேன். பால் ஊறண்டாமா?”

அவர் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம் அதுதான் வழக்கம். மகாராணிக்கு மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும்?

விவின் விளக்கினான். உடம்பில் செலினியம் மிஞ்சிப்போனால் மூச்சில் பூண்டு மணம் அடிக்கும். மூச்சளவி அந்த மணத்தை வைத்துத்தான் கூடுதல் என்று கண்டுபிடிக்கிறது. யந்திரத்தைச் செய்தவர்கள் பூண்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையோ, அதை ஒரு தாய் தின்பாள் என்பதையோ நினைத்துப் பார்க்கவில்லை.

தாசையன் கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த குட்டியையே பார்த்தார். அதன் பிறகு அந்தக் கொட்டிலுக்குள் ஒரு பல் பூண்டு போகவில்லை.

ஆனால் நாடு முழுக்கப் பிள்ளை பெற்றவர்கள் தலைக்குமேல் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பூண்டை விடுங்கள் என்று அத்தனை மாமியார்களிடமும் சொல்லக் கம்பெனிக்குத் துணிச்சல் இல்லை. யந்திரத்துக்கே புத்தி சொன்னார்கள். இனிமேல் பூண்டு மணத்தைக் கணக்கில் எடுக்காதே என்று, கொட்டிலில் தொங்குவது வீட்டில் தொங்குவது எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கட்டளை போனது. மகாராணியின் தலைக்குமேல் பச்சை எரிந்தது. சொட்டு விழுந்தது. மிச்சக் குட்டிகள் பிழைத்தன. கோளாறைக் கண்டுபிடித்த விவினுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவன் மகாராணி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான், மூக்கை மூடிக்கொண்டுதான்.

குட்டிகள் பால்குடி மறந்து தீவனத்துக்கு மாறிய சமயம், மகாராணியின் முதுகில் முடி கொட்ட ஆரம்பித்தது. பிறகு தீவனத்தில் நாட்டமில்லை, நடையில் ஒரு தயக்கம். குளம்பைச் சுற்றி வளையம் போட்டது மாதிரி விரிசல். தாசையன் அண்ணாந்து பார்த்தார். பச்சை. மறுநாளும் பச்சை. மனசில்லாமல் குனிந்து அவள் வாயை மோந்தார். பூண்டு நாற்றம் குப்பென்று அடித்தது.

கூடுதல் என்று கண்டுபிடிக்க அந்தச் சனியனுக்குத் தெரிந்ததே ஒரு மணம்தான். அதையும் மறக்கச் சொல்லிவிட்டார்கள். இனி எந்த மூச்சுக்கும் பச்சைதான், சொட்டுதான்.

அவர் ஒரு சாக்கைக் கிழித்து மூச்சளவியின் மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மூச்சு வராததால் கொட்டிலில் ஆள் இல்லை என்று நினைத்து அது தூங்கிப்போனது. சொட்டு நின்றது. பண்ணையையே பூட்டிவிடுவார்கள் என்று லில்லிபாய் பயந்தாள். பூட்டட்டும் என்றார் அவர். மகாராணி மெல்ல மெல்லத் தீவனத்தில் வாய் வைத்தாள்.

விவின் வந்துவிட்டான். இந்தமுறை கையிலும் உறை. யந்திரத்தை முடக்குவது குற்றம் என்றும், சாக்கை அவிழ்க்காவிட்டால் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றும் சொன்னான். தாசையன் மகாராணிக்கு முன்னால் போய் நின்றார். அவன் பேசப் பேச அவருடைய மூக்கு சுருங்கியது.

“சாறே, மத்தியானம் பூண்டுக் குழம்பா?”

“எனக்குப் பூண்டு ஆகாது. வீட்டுல வாங்குறதே இல்ல.”

தாசையன் அவனுடைய தலையைப் பார்த்தார். படம் எடுத்துக்கொண்டபோது இருந்த முடியில் பாதி இல்லை. கையுறையைக் கழற்றச் சொன்னார். அவன் முறைத்தான். பிறகு, ஒரு பிடிவாதத்தில் இழுத்துக் கழற்றினான். இரண்டு விரலில் நகம் இல்லை. மற்றவை கறுத்து விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தன.

“வேலைப் பளு. உடம்பு சூடு” என்றான் விவின்.

“வீட்டுல விளக்கு என்ன நிறத்துல எரியுது?”

“பச்சை. எங்க வீட்டுல எப்பவுமே பச்சைதான்.” அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

லில்லிபாய்க்கு விளங்கிவிட்டது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விவின் எட்டிச் சாக்கை உருவினான். மூச்சளவி விழித்துக்கொண்டது. மூக்கை நீட்டி, கிட்டத்தில் கிடைத்த மூச்சை நன்றாக மோந்து பார்த்தது. அது விவினுடைய மூச்சு. பச்சை எரிந்தது. தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது.

மகாராணி நொண்டிக்கொண்டு வந்து அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாசையன் தொட்டியைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினார்.

“குடியும் சாறே. உமக்குத்தான் விட்டிருக்கு.”