கொக்கியில் தொங்கிய கோட்டு

மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த உலர் அறையைத் திறந்துவிட்டார்கள் என்று காலையில் போன் வந்தது. லாக்கரில் சுருட்டி வைத்திருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். என் மேஜையில் டைரக்டர் ஒரு காகிதம் வைத்திருந்தார். நாலு மணிக்குள் கையெழுத்து போட்டுத் தர வேண்டுமாம்.

அதில் இருந்தது அக்காவைப் பற்றி நான் சொன்னதுதான். "அன்று மூன்று மணிக்கு அவருடைய கோட்டு கொக்கியில் தொங்கியதைப் பார்த்தேன்." ஒரே வரி. அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்து போட்டால் ஸ்பேனர் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

எங்கள் பிழைப்பு சிலிக்கா ஜெல். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அந்த மணிகள்தான். ஈரத்தை உறிஞ்சும். சாயம் ஏற்றிய மணி உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. ஓவனில் வைத்துச் சூடாக்கினால் குடித்ததை எல்லாம் விட்டுவிட்டு மறுபடி நீலமாகும். ஒரே மணியை இப்படி எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்பதுதான் அக்காவும் நானும் செய்த ஆராய்ச்சி. கூடப் பிறந்த அக்கா இல்லை. ஐந்து வருஷம் பக்கத்து மேஜை, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லக்கூடாது, எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

உலர் அறை என்பது ஒரு ஆள் நுழையக்கூடிய பெட்டி. சுவர் முழுக்க ஜெல் தட்டுகள். கதவைச் சாத்தினால் காற்று புகாது. தாழ்ப்பாள் போட்டால் உள்ளிருந்து திறக்க உதவும் உள்பக்கப் பிடி உடைந்து ரெண்டு மாதமாகிறது. எழுதிக் கொடுத்தோம், ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். துணியில் ஈரம் இருக்கும் என்பதால் கோட்டை எப்படியும் வெளியே கழற்றத்தான் வேண்டும். கதவருகில் ஒரே ஒரு கொக்கி. அதில் கோட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. காலியாக இருந்தால் வெளித்தாழ்ப்பாள் போடலாம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்பேனர் அண்ணன் தாழ்ப்பாள் போட்டார். இங்குள்ள எல்லா மெஷினையும் பராமரிப்பவர் அவர்தான். அடுத்து மூன்று நாள் விடுமுறை.

அக்கா உள்ளே இருந்தார்.

"கொக்கி காலியா இருந்துச்சு சார். குரல்கூடக் குடுத்தேன்." விசாரணையில் அண்ணன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒரு கோட்டு கிடந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அவரே அதைக் கொக்கியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அக்காவின் காது மெஷின் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அதையும் அவர்தான் ஒளித்திருப்பார் என்று நான் நினைத்தேன். எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட்டில்கூடத் தேதியை ரெண்டு தடவை பார்ப்பேன்.

டைரக்டரின் காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு, பத்து மணிக்கு உலர் அறைக் கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். எல்லாத் தட்டுகளும் புதிதாகச் சூடாக்கி வைத்தவை, பளிச்சென்ற நீலம். கதவை ஒட்டிய அடித்தட்டில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்பு. தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்தால் வாய் வரும் உயரம்.

அந்தத் தட்டை ஓவனில் ரெண்டு மணி நேரம் வைத்தேன். நீலமானதும் திரும்ப வைத்தேன். அரை மணியில் அதே இடம், அதே அளவு.

ஸ்பேனர் அண்ணன் வராந்தாவில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணே, அந்தத் தட்டைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

"தண்ணி தெளிச்சுப் பயமுறுத்தினா கையெழுத்து போட மாட்டேன்னு கணக்குப் போட்டீங்களோ?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உன்னப் பயமுறுத்தி எனக்கு என்னம்மா ஆகப்போகுது. மூணு வாரமா நானே தூங்கல."

என்ன நடிப்புடா சாமி என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுபடி சூடாக்கினேன். இந்த முறை தட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இழுத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப்பின் குறுக்கே கையெழுத்து போட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் டேப் பிரியவில்லை. கையெழுத்து நகரவில்லை.

உறைக்குள் மணிகள் சிவந்திருந்தன.

மூன்று மணி. கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அந்தத் தட்டின் எதிரே உட்கார்ந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரப்பரும் சுட்ட தூசியும் கலந்த வாடை.

பட்.

நன்றாகக் காய்ந்த ஜெல்லில் ஈரம் பட்டால் மணி வெடிக்கும். எங்களுக்குப் பழகிய சத்தம்தான். சொட்டு விட்டால் சடசடவென்று வெடித்து அடங்கிவிடும்.

பட். கொஞ்சம் இடைவெளி. பட். அதே இடைவெளி.

இது அடங்கவில்லை. இழுத்து இழுத்து யாரோ மூச்சு விடுகிற கணக்கில் வந்தது.

பின்னால் ஸ்டூல் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டு வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவையும் அந்த அறை குடித்தது. கதவில் சாய்ந்தபடி தரையில் சரிந்தேன். அடித்தட்டு என் வாய்க்கு நேராக இருந்தது.

சிவப்பு பரவிக்கொண்டே வந்தது. நான் அழுதேன். அக்காவும் இங்கேதான் அழுதிருப்பார்.

கதவு திறந்தது. ஸ்பேனர் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"கொக்கில கோட்டு தொங்குச்சு. இப்பெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து பாத்துக்கிறேன்," என்றார். பிறகு கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தார். பையில் ஏதோ அவர் கையில் தட்டுப்பட்டது. "இது யாரோடதும்மா?"

"என்னோடதுதான்."

அவர் கோட்டைத் திருப்பிப் பிடித்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு வட்ட டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு ஜெல் பொட்டலம். அதன் மேல் அக்காவின் காது மெஷின்.

உலர் அறையின் வறண்ட காற்றில் மெஷின் கீச்சிடும் என்று அதைக் கழற்றி டப்பாவில் வைத்து, கோட்டுப் பையில் போட்டுவிட்டுத்தான் அக்கா உள்ளே போவார். அண்ணன் குரல் கொடுத்தது உண்மை. அக்காவுக்குக் கேட்டிருக்காது.

கொக்கி காலியாக இருந்ததும் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே போய் வந்தபின் என் கோட்டைக் கொக்கியிலேயே மறந்துவிட்டேன். அக்கா அதை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டியிருக்கிறார். ஐந்தரை மணிக்குப் பஸ்ஸுக்கு ஓடும்போது, காலையில் மறந்த என் கோட்டு என்று நினைத்து, கொக்கியில் இருந்ததை உருவி லாக்கரில் திணித்தேன். எல்லாக் கோட்டும் ஒரே வெள்ளை. மூன்று வாரமாக ஊரையே சந்தேகப்பட்டேன், என் கையை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டு முழுவதையும் எழுதிக் கையெழுத்து போட்டேன். நாலு மணிக்கு டைரக்டர் படித்தார். அண்ணனுக்கு வேலை தங்கியது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து உலர் அறையின் தட்டுகள் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அக்காவுக்கு மனசு ஆறிவிட்டது என்று நம்பினேன்.

இன்று மதியம் என் மேஜையில் இருந்த ஜெல் ஜாடியைப் பார்த்தேன். மூடி இறுகத் திருகியிருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் நீலம். என் நாற்காலியைப் பார்த்த பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு.

"அக்கா, நான்தான் எடுத்தேன்," என்று மெதுவாகச் சொன்னேன்.

பட்.

ஜாடியைத் தூக்கி எடைத் தராசில் வைத்தேன். எண் ஒரு படி ஏறி நின்றது. நான் மூச்சு விட்டேன், மறுபடி ஒரு படி ஏறியது. என் மூச்சுதான் எப்படியோ உள்ளே போகிறது என்று வாயையும் மூக்கையும் கையால் பொத்திக்கொண்டேன்.

எண் ஏறிக்கொண்டே இருந்தது.