நரி முகம் காட்டுகிறவள்

வாழப்பாடியில் விடியலுக்கு முன் கிளம்பும் முதல் மிதவண்டி காஞ்சனையுடையது. ஆறு நரிகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். ஜன்னலோரம் வண்டி நிற்கும். உள்ளே கண் விழிப்பவருக்கு முதலில் தெரிவது ஒரு நரியின் முகம். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்த ஊர், 2130இல் அதற்கென்று ஓர் ஆளையே வைத்துக்கொண்டது. அந்த ஆள் மட்டும் பதினோரு வருடமாகக் கடிகாரத்தின் முகத்தில் விழிக்கிறாள்.

கறுப்பு, வெள்ளை, வெள்ளி, புள்ளி என்று நரிகள் விதவிதமாக இருந்தாலும், அவளுக்கு உயிர் குட்டச்சிதான். சாம்பல் உடம்பு, கறுத்த வால்நுனி, பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. புதரில் குட்டியாகக் கிடைத்ததை, ஏதோ பண்ணையிலிருந்து தப்பிய புது வகை என்று நினைத்து எடுத்து வந்தாள். ஜமீன் என்கிற கறுப்பு நரியோடு மூன்று வருடமாக ஜோடி சேர்த்தும் குட்டி இல்லை. பழியெல்லாம் ஜமீன் தலையில் விழுந்தது. முட்டை, ஈரல் என்று தொடங்கி மந்திரித்த கயிறு வரைக்கும் போயாயிற்று.

ஆண்டுச் சோதனைக்கு வந்த, தபசும் என்கிற மரபாய்வுப் பெண் குட்டச்சியின் மயிர் ஒன்றை மரபுமானியில் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, மத்த அஞ்சும் ஒரே இனம், செந்நரி. கலரு பாத்து மனுசன் வகை பிரிச்சான், அவ்வளவுதான். கறுப்பும் வெள்ளையும் சேந்தா குட்டி போடும். இவ இனமே வேற, குள்ளநரி. இந்தப் பக்கம் பூண்டோட போயிருச்சுன்னு நாங்க எழுதி வெச்சது. மூணு வருசமா நீங்க காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்க.”

காஞ்சனைக்கும் சிரிப்பு வந்தது; பாதியிலேயே நின்றது. சட்டம் அவளுக்குத் தெரியும். மனிதர் உண்டாக்கிய வகை வீட்டில் இருக்கலாம். தானாக உண்டான இனம் காட்டுக்குப் போயாக வேண்டும். வளர்த்தவரே கூண்டைத் திறந்து, அது தானாகப் போகும்வரை உடனிருக்க வேண்டும்.

“அங்க அவளுக்கு யாரு இருக்கா?” என்று கேட்டாள்.

மலையடிவாரத்து ஒலிப்பதிவுக் கருவியில் போன மாதம் ஓர் ஆண் குள்ளநரியின் குரல் கேட்டதாகவும், கருவிக் கோளாறு என்று விட்டுவிட்டதாகவும் தபசும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அந்த மலையடிவாரப் புல்வெளியில் கூண்டு திறந்தே கிடந்தது. குட்டச்சி வெளியே வரவில்லை. காஞ்சனை கெஞ்சினாள், திட்டினாள், கோழிக்கறி வைத்துப் பார்த்தாள். உள்ளூர அது போகாமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது. வெயில் ஏறியதும் வேலமர நிழலில் தன்னையறியாமல் கண் அசந்துவிட்டாள்.

மூக்கில் ஈரம் பட்டது. தூறல் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள்.

குட்டச்சியின் முகம். அதற்குப் பின்னால், நாலு முழம் தள்ளி, தயங்கியபடி இன்னொரு சாம்பல் முகம். குட்டச்சி அவளை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. இரண்டு கறுத்த வால்நுனிகளும் புல்லுக்குள் மறைந்தன.

தூரத்தில் காத்திருந்த தபசும் ஓடி வந்தபோது காஞ்சனை கன்னம் நனைய உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றுவதற்காகத் தோளைத் தொட்டாள் தபசும்.

“அட விடு கண்ணு,” என்று சிரித்தாள் காஞ்சனை. “இன்னிக்குத்தான் நானு நரி முகத்துல முழிச்சிருக்கேன்.”